இடது காலால் நடத்திய கச்சேரி

பதினேழு வாத்தியக்காரர்களை, அவர்களை நடத்தும் பெண்மணியையும் சேர்த்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே, வாயில் டிராம்போனை வைத்துக்கொண்டு, இடது காலால் மட்டும் நடத்திக் காட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். பெயர் மார்வ் ப்ளாட்கின். வயது எழுபத்திரண்டு. வாசம் புரூக்ளினில் ஷீப்ஸ்ஹெட் பே. இதைச் சொன்னவரும் மார்வ் ப்ளாட்கின்தான்.

சொன்ன இடம் நாலாவது அவென்யூ பேகல் ரொட்டிக் கடை. ஒத்திகைக்கு முந்தைய காலை நேரம். கேட்டவர் க்ளிஃப்டன் யார்வுட். குழுவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு டிராம்போன் ஊதுகிறவர். பார்படோஸிலிருந்து சிறு வயதில் வந்தவர். வந்த நாளிலிருந்து எதையும் நம்பியதில்லை. வாயிலிருந்த பேகலை அவசரமில்லாமல் மென்று முடித்தார்.

"இடது காலா? அப்ப வலது கால் சும்மாவா இருந்துச்சு? அது பாவம், காப்பி கீப்பி போட்டுக் குடுத்திருக்கலாமே."

"டேய், நான் சீரியஸா சொல்றேன்."

"நீ ஊதின ஊத்துல கோனி ஐலண்ட் ராட்டினம் ரிவர்ஸ்ல சுத்துச்சுன்னு சொன்னப்பவும் சீரியஸாத்தான் இருந்த."

"அது லேசா மிகைப்படுத்தினது. ராட்டினம் நின்னுச்சு, அவ்வளவுதான்."

"அந்த ஊத்துல மயங்கி விழுந்த புறா?"

"புறா விழுந்தது நிஜம்."

மார்வின் கஷ்டமே இதுதான். ஐம்பது வருடமாக வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டுத் திரிந்த மனிதருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு உண்மை கையில் கிடைத்திருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஊரில் ஒரு காது பாக்கியில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றும் இருந்தது. கேட்க வேண்டிய ஒரே ஆள் இதை நம்பிவிட்டால், மார்வின் நாற்காலி போய்விடும். யாருமே நம்பாவிட்டாலோ, அவர் செய்த ஒரே மகத்தான காரியம் பேகல் தூளோடு துடைத்துப் போடப்பட்டுவிடும்.

அந்த ஒரே ஆள் காரின் டெல்வெக்கியோ. நியூ ஜெர்சிக்காரி, மார்வின் பாதி வயது, குழு வாசிக்கும் அத்தனையையும் எழுதுகிறவள். அவள் எழுதும் இசை முதலில் பெரிய தேவாலயத்துக்குள் நுழைந்த மாதிரி பித்தளைக் குழாய்களின் பிரார்த்தனையோடு ஆரம்பிக்கும். நாம் கண்ணை மூடிக் கைகூப்புகிற நேரம் பார்த்து மின்கிடார் வந்து தேவாலயத்தை இடித்துத் தள்ளும். இடிபாட்டின் மேல் ஏறி உட்கார்ந்து சாக்ஸபோன்கள் சிரிக்கும். தாளம் ஏழு, அடுத்த வரியில் ஐந்து, அதற்கடுத்து பதினொன்று. மார்வ் ஆயுள் முழுக்க பிராட்வே நாடக மேடைகளுக்கு முன்னால் வாத்தியக்காரர்களுக்கான குழியில் உட்கார்ந்து ஊதியவர். அங்கே உலகம் நான்கில் ஓடும். யாராவது காதலித்தால் மூன்றில் ஓடும். காரினின் தாளத்தை எண்ணுவது அவருக்கு, இறங்கும் நகரும் படிக்கட்டில் மேல்நோக்கி ஓடிக்கொண்டே சட்டைப் பித்தான் போடுகிற மாதிரி. பெரும்பாலும் ஒரு பித்தான் தள்ளித்தான் போடுவார்.

ஆனாலும் அந்த நாற்காலிக்காக அவர் உயிரை விடுவார். ஒரு கால் குட்டையான மர நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவர் ஓய்வு பெற்றவர் இல்லை.

நாற்காலிக்கு ஆபத்தை வரவழைத்தவரும் அவரேதான். இந்த ஊர் வாத்தியக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. உன்னால் வர முடியாவிட்டால் உனக்குப் பதிலாக ஓர் ஆளை நீயே அனுப்ப வேண்டும். அந்த ஆளைப் பொறுக்குவதில்தான் இருக்கிறது வித்தை. உன் மானம் போகாத அளவுக்கு நன்றாக வாசிக்கிறவனாக இருக்க வேண்டும். அடுத்த வாரமும் அவனையே கூப்பிடத் தோன்றும் அளவுக்கு நன்றாக வாசித்துவிடவும் கூடாது. மார்வ் இதில் பல்கலைக்கழகமே நடத்தக்கூடிய அனுபவசாலி. அப்படிப்பட்டவர், கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது, சுரங்க ரயில் படிக்கட்டில் தன் பெட்டியை ஒருமுறை தூக்கி வந்து உதவினாள் என்கிற ஒரே காரணத்துக்காக ஆன்யா என்கிற இளம்பெண்ணை அனுப்பிவிட்டார். அவள் வந்து உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத இசையை ஒரு பிசிறு இல்லாமல் ஊதிவிட்டுப் போனாள். குழு முழுக்கத் தரையைக் காலால் தட்டிப் பாராட்டியதாம். ஒரு கண்ணில் கட்டோடு இதைக் கேட்ட மார்வுக்கு இன்னொரு கண்ணும் இருட்டியது.

அதற்கடுத்து பூங்காவில் கச்சேரி. மார்வ் தன் இசைத் தாள்களை ஒட்டி நீட்டி, மூன்று ஸ்டாண்டுகளில் துணி காயப்போட்ட மாதிரி பரப்பியிருந்தார். ஒரு காற்று வந்தது. தாள்கள் எழுந்து, சாக்ஸபோன்காரர்களின் தலைக்கு மேல் போய், ஒரு நாயின் மேல் உட்கார்ந்தன. நாய் நான்காம் பக்கத்தோடு ஓடிவிட்டது. இதுவும் மார்வ் சொன்னதுதான் என்றாலும், நான்காம் பக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது உண்மை.

காரின் அன்றைக்கே முடிவெடுத்தாள்.

"மார்வ், இனிமே பேப்பர் கிடையாது. எல்லாரும் டேப்லெட். பக்கம் திருப்பறதுக்குக் கால்கிட்ட ஒரு பெடல். உங்களுக்குச் சிரமம்னா சொல்லிடுங்க, தப்பில்ல. அடுத்த கச்சேரிக்கு ஆன்யாவக் கூப்பிட்டுக்கறேன்."

"சிரமமா? எனக்கா? நான் டேப்லெட்டோடயே பொறந்தவன்மா."

"மோசஸ் காலத்து டேப்லெட்டு," என்றார் க்ளிஃப்டன். "பத்துக் கட்டளை செதுக்கின கல்லு."

"மறுபடி ஏதாவது சொதப்பல்னா அப்புறம் என்கிட்ட வாதாடக் கூடாது. சரியா?"

"சரி," என்றார் மார்வ். 

பெடல் கறுப்பாக, தட்டையாக, கூப்பிட்டால் குதித்துவிடும் போல இருந்தது. மார்வ் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார். தவளையின் வலது பக்கத்தை மிதித்தால், கம்பியில்லாமலே, அதனோடு இணைத்த டேப்லெட்டில் பக்கம் முன்னே போகும். இடது பக்கத்தை மிதித்தால் பின்னே வரும். வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வைத்துப் பழகினார்.

"அடியில என்னத்த மிதிச்சிட்டிருக்கே, கரப்பானா?" என்று கேட்டாள் மனைவி ரொஷெல்.

"பக்கம் திருப்பறேன்டி."

"அடுப்புல ஆம்லெட் இருக்கு. அதத் திருப்பு."

எல்லாருக்கும் ஒரே ரகத் தவளை என்பதால் அவரவர் பெயரை ஒட்டச் சொல்லியிருந்தாள் காரின். மார்வ் ஒட்டினார். தவளையின் மேல் அல்ல, தவளை வந்த அட்டைப்பெட்டியின் மேல்.

கச்சேரி ஞாயிறு பிற்பகல், கோவானஸ் கால்வாய்க் கரையில் ஒரு பழைய இரும்புப் பட்டறையில். பயத்தில் மார்வ் கதவு திறக்கிறவனுக்கு முன்னாலேயே போய்விட்டார். பின்னறையில் தன் தவளையைச் சார்ஜில் போட்டார். காரினும் வந்து தன்னுடையதைப் பக்கத்தில் போட்டாள். நேரமானதும் மார்வ் போய்ப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு தகப்பன் தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளும் நிச்சயத்தோடு ஒன்றை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார். எடுத்தது அடுத்த வீட்டுப் பிள்ளை.

அரங்கு நிறைந்திருந்தது. நாற்பது நிமிடம் இடைவெளியில்லாத ஒரே இசை. காரின் கையை உயர்த்தினாள். பித்தளைப் பிரார்த்தனை ஆரம்பித்தது. முதல் பக்கத்தின் கடைசிக்கு வந்த காரின் தன் பெடலை மிதித்தாள். அவளுடைய டேப்லெட் அசையவில்லை. கடைசி வரிசையில் மார்வின் பக்கம் தானாகத் திரும்பியது.

மார்வ் விழித்தார். காரின் மறுபடி மிதித்தாள். மார்வுக்கு இன்னொரு பக்கம் போனது. அவள் கோபத்தில் நாலைந்து மிதி சேர்த்து மிதிக்க, மார்வின் இசை முழுவதும் வேகமாக ஓடும் ரயிலின் ஜன்னல் மாதிரி கண்முன் பறந்து, கடைசிப் பக்கத்தில் போய் மூச்சு வாங்கியது. அதில் ஒரே ஒரு ஸ்வரம், நீளமாக, அடியாழத்தில். கச்சேரி ஆரம்பித்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, மார்வ் முடித்துவிட்டிருந்தார்.

அவர் தவளையின் இடது பக்கத்தை மிதித்தார், பின்னே வர. அவருடைய திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் காரின் விரலால் தள்ளித் தன் பக்கத்தைத் திருப்பியிருந்தாள். அது இப்போது அவள் கண்ணெதிரே பின்னால் ஓடியது. அவள் விரலால் முன்னே தள்ளினாள். மார்வ் மிதித்தார். அவள் தள்ளினாள். மார்வ் மிதித்தார். ஒரே கதவை ஒருத்தி உள்ளேயிருந்து திறக்க, ஒருவர் வெளியேயிருந்து சாத்துகிற மாதிரி, இருவருமே எதிரே ஆள் இருப்பது தெரியாமல் மல்லுக்கட்டினார்கள்.

மார்வ் தானும் விரலால் தள்ளிப் பார்க்கலாமென்று திரையைத் தொட்டார். எங்கே தொட்டாரோ, திரை இருண்டுவிட்டது. அதில் அவர் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்து வாசிக்க ஒன்றுமில்லை.

இதற்குள் இசை கிடார் சோலோவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு ஏற்பாடு. கிடார்க்காரன் ரஃபி தன் இஷ்டத்துக்கு வாசிப்பான். மற்றவர்கள் இரண்டே இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். காரின் கைமுட்டியை உயர்த்தினால்தான் அடுத்த பகுதி. முட்டி உயரவில்லை. உயர்த்துவதற்கு, அடுத்த பகுதி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கச்சேரிக்கு முதல் நாள்வரை மாற்றி மாற்றி எழுதிய இசை. அதில் எந்த மாற்றம் தங்கியது என்பது அந்தத் திரைக்குத்தான் வெளிச்சம். அவள் கை மாவு கரைக்கிற மாதிரி பொதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்லாமலே சோலோவை நிறுத்துகிற கிடார்க்காரன் இன்னும் பிறக்கவில்லை. ரஃபி வாசித்தான். வாசித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தாடி வளர்ந்தது. முன்வரிசையில் கைக்குழந்தையாக வந்தது ஒன்று பல் முளைத்து அம்மாவைக் கடித்தது. கால்வாயில் போன படகு திரும்பி வந்து, "இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

அந்த நேரத்தில்தான் மார்வ், ஒரு கடைசி ஆசையாக, தவளையை மறுபடி மிதித்தார். மிதித்த அதே நொடியில் காரின் தலையைப் பின்னுக்கு இழுப்பதைப் பார்த்தார். மீண்டும் மிதித்தார். மீண்டும் இழுத்தாள். மார்வின் மூளையில் ஒரு விளக்கு, பழையதுதான், மெதுவாகத்தான், ஆனால் எரிந்தது. என் காலடியில் இருப்பது அவளுடைய தவளை. அடக் கடவுளே, நாற்காலி போச்சு.

அவர் வலது பக்கத்தை மிதித்தார், காரினின் முகத்தைப் பார்த்தபடி. முகம் சுளித்தது. இன்னொன்று. இன்னும் சுளித்தது. இன்னொன்று. சுளிப்பு கொஞ்சம் தளர்ந்தது. இன்னொன்று. அவளுடைய இடது புருவம் மேலே போனது, கண் அகன்றது, முட்டி உயர்ந்தது. பதினேழு பேரும் அணை உடைந்த மாதிரி அடுத்த பகுதிக்குள் பாய்ந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் யாரும் நம்புவதில்லை. காரின் பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போதெல்லாம் இடது புருவம் லேசாக மேலே போகும். மார்வ் மிதிப்பார். பக்கம் திரும்பும். புருவம், மிதி, பக்கம். கொஞ்சம் தாமதித்து மிதித்தால் அவள் கை தயங்கியது. குழுவே மூச்சை இழுத்துப் பிடித்தது. சட்டென்று மிதித்தால் குழுவே பறந்தது. தன் இசை இருட்டில் இருக்க, காதில் பட்டதையெல்லாம் ஊதிக்கொண்டு, மார்வ் அந்த மாபெரும் வண்டியை இடது கால் நுனியால் ஓட்டிப் போனார். இறுதிப் பிரார்த்தனை வந்தபோது, கடைசிப் பக்கத்தில் பார்த்த ஒரே ஸ்வரம் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. வேறு எதுவும் தெரியாததால் அதையே ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அடியில் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டறையின் இரும்புத் தூண்கள் அதிர்ந்தன. ஜனம் எழுந்து நின்று கைதட்டியது.

காரின் பின்னறைக்குப் பறந்து வந்தாள். "பாத்தீங்களா எல்லாரும்? முதல்ல தகராறு பண்ணுச்சு, அப்புறம் செயலி தானாவே என் வேகத்தப் புரிஞ்சுக்கிட்டுப் பக்கம் திருப்ப ஆரம்பிச்சுடுச்சு! பெடலத் தொடவே இல்ல நான்! மார்வ், இதுக்குத்தான் பேப்பர விடுங்கன்னேன்."

"அற்புதம்மா," என்றார் மார்வ், அவளுடைய தவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. கூட்டம் கலையும் சந்தடியில் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்.

சொன்னால் நாற்காலி போகும். ஆகவே செத்தாலும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார். சத்தியம் வாசல் படிவரை தாங்கியது. ரயில் ஏறுவதற்குள் அந்நியர் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். இரவுக்குள் தொலைபேசியில் டிரம்பெட் வரிசை முழுவதற்கும். இப்போது பேகல் கடையில் க்ளிஃப்டனிடம்.

"சரி, கிளம்பு," என்று எழுந்தார் க்ளிஃப்டன். "உன் இடது காலுக்கும் சேத்து ஒரு காப்பி வாங்கிட்டு வா."

வாங்கினார். பெரிய கோப்பை.

ஒத்திகை ஒரு தேவாலயத்தின் நிலவறையில். காரின் பெடலே இல்லாமல் வந்திருந்தாள், வெறும் டேப்லெட். எல்லாரும் உட்கார்ந்ததும் இடுப்பில் கைவைத்தாள்.

"மார்வ், என் பக்கங்கள உங்க கால்தான் திருப்புச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறீங்களாமே?"

"யாராவது நம்பினாங்களா?"

"ஒருத்தரும் நம்பல."

"அப்ப சரி. வாசிப்போமா?"

"நானே எழுதினதுல நானே தொலைஞ்சு போவேனா? கொஞ்சமாவது நம்பற மாதிரி அளக்கக் கூடாதா?"

குழு சிரித்தது. மார்வும் சிரித்தார். நாற்காலி தப்பியது. ஆனால் எல்லாருக்கும் முன்பாகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு டிராம்போனைத் துடைத்தார்.

இசை ஆரம்பித்தது. முதல் பக்கம் முடிந்தது. காரின் செயலியின் புத்திசாலித்தனத்துக்காகக் காத்திருந்தாள். பக்கம் திரும்பவில்லை. விரலால் தள்ளினாள், ஒன்றுக்கு இரண்டாகப் போனது. திருப்பி இழுத்தாள், மூன்று வந்தது. அப்படியே தட்டுத் தடுமாறி எல்லாரும் கிடார் சோலோவுக்கு வந்து சேர்ந்தார்கள். முட்டி உயரவில்லை. கை மாவு கரைத்தது. ரஃபி கண்ணை மூடிக்கொண்டான், ஆனந்தமாக.

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. சாக்ஸபோன்கள், டிரம்பெட்டுகள், கடைசியில் க்ளிஃப்டன். எல்லாரும் மார்வின் இடது காலைப் பார்த்தார்கள். பிறகு காரினைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி காலை.

"அடப்பாவி," என்றார் க்ளிஃப்டன், டிராம்போனுக்குப் பின்னாலிருந்து. "நிஜமாத்தான் சொன்னியா?"

மார்வின் கவனம் வேறெங்கோ இருந்தது. அந்தப் பெரிய கோப்பைக் காப்பி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. சோலோ முடியாமல் இசை முடியாது. இசை முடியாமல் அறையை விட்டு யாரும் போகக்கூடாது என்பது காரினின் சட்டம். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கும் அவமானத்துக்கும் நடுவே இருப்பது சில நிமிடங்கள்தான். ரஃபியின் விரல்களோ இப்போதுதான் சூடு பிடித்திருந்தன.

ஆகவே, வீரத்தால் அல்ல, தியாகத்தால் அல்ல, மூத்திரப்பையின் ஆணைப்படி, மார்வ் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே தொடையை ஒடுக்கிக்கொண்டு நடந்து காரினின் பக்கத்தில் போய் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் தள்ளினார். சுளிப்பு. இன்னொன்று. இன்னொன்று. புருவம் போனது, முட்டி உயர்ந்தது.

அவள் யாரென்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இசை இழுத்துக்கொண்டு போய்விட்டது. புருவம், விரல், பக்கம். ஞாயிற்றுக்கிழமை போலவே ஒரு பிசிறில்லாமல் குழு பறந்தது. மார்வ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்; அது தாளத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. இறுதிப் பிரார்த்தனையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிய கையோடு அவர் ஓடினார். கதவு அறைந்து சாத்தும் சத்தமும் கடைசி ஸ்வரமும் ஒன்றாக விழுந்தன.

 காரின் கையை இறக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"அடியில அந்த ஸ்வரம் இல்லையே," என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை அந்த இடம் அப்படி அதிர்ந்துச்சே. இன்னிக்கு வெறும் ஓட்டையா இருக்கு."

"அதிரவைக்கிறவர் அவசரமா போயிருக்கார்," என்றார் க்ளிஃப்டன். "ஆன்யாவக் கூப்பிடவா?"

காரின் நேராக நடந்து போய்க் கழிவறைக் கதவைத் தட்டினாள்.

"மார்வ்."

"ஆள் இருக்கு!"

"தெரியும். எதுக்கு என் பெடல எடுத்தீங்க?"

 "தெரியாமத்தாம்மா எடுத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. பேரு டப்பாவுல ஒட்டிட்டேன். நாற்காலிய எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோ. ஆனா க்ளிஃப்டன்கிட்ட மட்டும் குடுத்துடாத, அவன் கால நீட்டி உக்காருவான்."

"நாற்காலி உங்களோடதுதான். அந்த அடி ஸ்வரத்த நான் எழுதிச் சேர்க்கப் போறேன், ஊதறதுக்கு நீங்க வேணும்."

"அப்ப நான் சொன்னத நம்பறியா?"

காரின் திரும்பிப் பார்த்தாள். குழு முழுவதும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்றிருந்தது. ரஃபிகூடக் கிடாரை நிறுத்தியிருந்தான்.

"தொலைஞ்சுதான் போனேன்," என்றாள், மரக் கதவைப் பார்த்து.

"கேக்கல! இங்க தண்ணி சத்தம்!"

"நான் எழுதினதுலயே தொலைஞ்சு போயிட்டேன் மார்வ்! உங்க கால்தான் எங்களைக் கரை சேர்த்துச்சு! நடந்துச்சு, போதுமா? நடந்துச்சு!"